சாயம் வெளுக்கும் வரிசை: சொந்த விவகாரம் சந்திக்கு வந்தால் அரசியல்வாதி என்ன செய்கிறார்?

"நம்ம எம்எல்ஏ ராஜினாமா பண்ணிப்போட்டாராமுங்க." பேக்கரி வாசலில் ஒருவர் சொல்ல, டீ கிளாஸோடு நிற்கும் நாலு பேரும் தலையாட்டுகிறார்கள். எந்தப் பதவியை என்று யாரும் கேட்பதில்லை. கட்சிப் பொறுப்பையா, மந்திரி பதவியையா, சட்டமன்ற இடத்தையா? மூன்றுக்கும் மூன்று தனிக் கடிதங்கள், மூன்று முகவரிகள். முதல் கடிதம் போனால் இரண்டாவதும் போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

அரசியல்வாதியின் சொந்த வாழ்க்கை பற்றி ஒரு ஆடியோவோ வீடியோவோ வெளியானால் பெருந்துறையிலும் பல்லடத்திலும் ஒரே மாதிரிதான் பேச்சு ஓடுகிறது. "வக்கீல் நோட்டீஸ் விட்டுட்டார், அப்போ பொய்தான்" என்கிறார் ஒருவர். "வாயே திறக்கலை, அப்போ நிஜம்தான்" என்கிறார் இன்னொருவர். இரண்டு முடிவுமே தப்பு. நோட்டீஸ், மௌனம், மறுப்பு, மன்னிப்பு, நீக்கம் ஒவ்வொன்றுக்கும் தனி வேலை உண்டு. அது தெரிந்தால், வெளியே வரும் அறிக்கையை வைத்தே உள்ளே என்ன நடக்கிறது என்று ஓரளவு கணக்குப் போடலாம்.

ஒரே பெயரில் மூன்று சங்கதி

திருப்பூரில் பனியன் கம்பெனி செக்கிங் மேஜைக்கு ஒரு துணி வருகிறது. அதில் ஒரு கறை. செக்கிங் செய்பவர் முதலில் பார்ப்பது கறையின் அளவை அல்ல, வகையை. நிட்டிங் மெஷின் எண்ணெய் பட்டிருந்தால் ஸ்பிரே கன் அடித்தால் போய்விடும். சாயம் சரியாகப் பிடிக்காமல் ஒழுகியிருந்தால் அந்த ஒரு பீஸோடு நிற்காது, அதே தொட்டியில் ஓடிய லாட் முழுவதையும் பார்க்க வேண்டும். ஊசி உடைந்து துணியில் ஓட்டை விழுந்திருந்தால் கழுவுவதற்கு எதுவுமே இல்லை, பீஸ் ரிஜெக்ட்.

அரசியல்வாதியின் 'விவகாரம்' என்று நாம் பொத்தாம் பொதுவாகச் சொல்வதிலும் இந்த மூன்று வகை உண்டு.

முதலாவது, சொந்த வாழ்க்கை. வயது வந்த இருவரின் சம்மதத்தோடு நடந்த உறவு, குடும்பத் தகராறு, விவாகரத்து போன்றவை. இது ஒழுக்கம் பற்றிய பேச்சாகலாம், குற்றமாகாது. திருமணத்துக்கு வெளியேயான உறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவை 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டது. விவாகரத்துக்கு அது காரணமாகலாம். சிறைக்கு அனுப்ப முடியாது.

இரண்டாவது, பதவி கலந்தது. அதே உறவுக்காக அரசு வேலை, டெண்டர், இடமாற்றம், காவல் துறைச் சலுகை கொடுத்திருந்தால் அது சொந்த விஷயமாக இருந்த கட்டம் முடிந்துவிட்டது. சாயம் லாட் முழுக்க ஒழுகுகிறது.

மூன்றாவது, குற்றம். சம்மதம் இல்லாதது, மிரட்டல், சிறார் தொடர்பானது. துணியில் விழுந்த ஓட்டை.

இந்த வகை பிரிப்பு முக்கியமாவதற்குக் காரணம் இருக்கிறது. சிக்கிக்கொண்ட அரசியல்வாதி தன் விவகாரத்தை எப்போதும் முதல் வகைக்குள் தள்ளப் பார்ப்பார்: "இது என் தனிப்பட்ட வாழ்க்கை." எதிர்த்தரப்பு இரண்டாவதுக்கோ மூன்றாவதுக்கோ இழுக்கும். அடுத்த சில வாரங்கள் நடக்கும் இழுபறியில் பெரும்பகுதி இதுதான்.

இதுவரை: கறையில் மூன்று வகை. சொந்தம், பதவி, குற்றம். பதிலைப் படிக்கும் முன் எந்த வகை என்று பார்க்க வேண்டும்.

மதகை அடைப்பதா, உடைப்பை அடைப்பதா?

கீழ்பவானி வாய்க்கால் பவானிசாகரில் தொடங்கி ஏறக்குறைய 200 கிலோமீட்டர் ஓடுகிறது. எங்கோ கரை உடைந்தால், அனுபவமில்லாதவர் உடைந்த இடத்துக்கு மணல் மூட்டையோடு ஓடுவார். அனுபவம் உள்ளவர் முதலில் மேலே தண்ணீரை நிறுத்தச் சொல்வார். வரத்து நிற்காமல் மூட்டை அடுக்கினால் தண்ணீர் பக்கத்துக் கரையை அறுக்கும்.

விவகாரத்தில் வரத்து என்பது புதுத் தகவல். செய்திக்கு ஆயுள் கொடுப்பது அதுதான். ஒரே ஆடியோவை ஒரே கோணத்தில் மூன்றாம் நாள் போட்டால் ஆள் பார்ப்பதில்லை. சேனல் அடுத்த செய்திக்குப் போய்விடும். இப்படிச் செய்தி எழுந்து, உச்சம் தொட்டு, அடங்கும் சுற்றைத்தான் செய்திச் சுழற்சி என்கிறோம். புதிதாக ஒரு படம், ஒரு சாட்சி, ஒரு முரண்பாடு வந்தால் சுழற்சி முதலிலிருந்து தொடங்கும்.

ஆகவே நல்ல ஆலோசகரோ வக்கீலோ அறைக்கதவைச் சாத்திவிட்டுக் கேட்கும் முதல் கேள்வி "இது உண்மையா?" என்பதல்ல. "இன்னும் என்ன இருக்கு?" என்பதுதான். வேறு ஆடியோ உண்டா, வாட்ஸ்அப் உரையாடல் உண்டா, பணம் கைமாறியதா, லாட்ஜ் பதிவு, டிரைவர், பழைய உதவியாளர்… எல்லாம் மேஜைக்கு வர வேண்டும். அதற்குப் பிறகு வீட்டில் சொல்லியாயிற்றா என்ற கேள்வி. மனைவியோ கணவரோ டிவியைப் பார்த்துத் தெரிந்துகொண்டால் இரண்டாவது செய்தி வீட்டுக்குள்ளிருந்தே வரும். அடுத்து, யார் பேசுவது? ஒரே ஆள். மச்சான் ஒன்று சொல்லி, ஒன்றியச் செயலாளர் வேறு சொல்லி, உதவியாளர் மூன்றாவதாக ஒன்று சொன்னால், அந்த மூன்றுக்கும் இடையே உள்ள முரண்பாடே மறுநாள் தலைப்பு.

இந்தக் கட்டத்தில் அதிகம் நடக்கும் தவறு போனைத் துடைப்பது. விவகாரம் முதல் வகையாக இருந்தால்கூட, வழக்கு வரும் என்று தெரிந்து மின்னணுப் பதிவை அழிப்பது தனிக் குற்றம். அத்தோடு, எதிரில் உள்ளவர் போனில் அதே உரையாடல் அப்படியே கிடக்கும் என்பதை ஏனோ பலர் மறந்துவிடுகிறார்கள்.

மௌனத்தை இங்கே வைத்துத்தான் பார்க்க வேண்டும். முதல் நாள் மௌனம் பல சமயம் கணக்கெடுப்புக்கான நேரம். அதை ஒப்புதல் என்று படிக்கக் கூடாது. ஒரு வாரம் தாண்டிய மௌனம் வேறு: 'புதுத் தகவல் வராது, தானாக அடங்கும்' என்ற பந்தயம் அது. சொந்த வாழ்க்கை வகையில் அந்தப் பந்தயம் ஜெயிப்பதும் உண்டு. குற்ற வகையில் அரிது. புகார், எஃப்ஐஆர், மருத்துவ அறிக்கை, ஜாமீன் மனு என்று நடைமுறையே மாதக்கணக்கில் புதுத் தகவல் கொடுத்துக்கொண்டிருக்கும்.

மறுப்புதான் தூண்டில் முள்

ஆதாரம் கையில் வைத்திருப்பவர் அதை ஒரே நாளில் கொட்டுவதில்லை. முதல் துண்டை விடுவார், மறுப்புக்காகக் காத்திருப்பார், பிறகு அந்த மறுப்பை உடைக்கும் இரண்டாம் துண்டை விடுவார். முதல் துண்டு காட்டுவது நடத்தையை. இரண்டாவது காட்டுவது பொய்யை. ஜனங்கள் நடத்தையை மன்னித்தாலும் தங்களைப் பார்த்துச் சொன்ன பொய்யை மன்னிப்பது கடினம்.

பிரிட்டனில் 1963இல் நடந்தது இதன் பாடநூல் உதாரணம். போர்த்துறை அமைச்சர் ஜான் ப்ரொஃப்யூமோ, ஓர் இளம்பெண்ணோடு தனக்குத் தகாத தொடர்பு எதுவும் இல்லை என்று மார்ச் 22 அன்று நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று சொன்னார். அதே பெண்ணுக்கு சோவியத் தூதரக அதிகாரி ஒருவரோடும் பழக்கம் இருந்ததாகப் பேச்சு எழுந்ததால், பாதுகாப்புக் கேள்வியும் சேர்ந்துகொண்டது. ஜூன் 5 அன்று, அவையில் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டு விலகினார். அவரை விழவைத்தது அவையில் சொன்ன அந்த மறுப்பு. அதன்பின் அவர் அரசியலுக்குத் திரும்பவே இல்லை. கிழக்கு லண்டனில் ஒரு தொண்டு நிறுவனத்தில் பல பத்தாண்டுகள் வேலை பார்த்தார். 1975இல் அரசு அவருக்கு விருது கொடுத்தது.

அமெரிக்காவில் 2011 மே 27 அன்று காங்கிரஸ் உறுப்பினர் அந்தோணி வீனரின் ட்விட்டர் கணக்கிலிருந்து ஆபாசமான ஒரு படம் வெளியானது. கணக்கை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்றார். வேறு படங்கள் வந்தன. பத்தாம் நாள் தானே அனுப்பியதாக ஒப்புக்கொண்டார். அடுத்த பத்தாம் நாள் ராஜினாமா அறிவித்தார். தூண்டில் முள் எங்கே இருந்தது என்று விளக்கத் தேவையில்லை.

மறுப்பின் இலக்கணம்

எல்லா மறுப்பும் மறுப்பல்ல. நேர் மறுப்பு என்பது குறிப்பிட்ட செயலைக் குறிப்பிட்டுச் சொல்வது: "அந்தத் தேதியில் நான் அங்கே போகவில்லை. அந்தக் குரல் என்னுடையது அல்ல." தப்பென்று பின்னால் நிரூபிக்கக்கூடிய வாக்கியம் இது. அதனாலேயே இதற்கு எடை அதிகம். உண்மை தன் பக்கம் இருப்பவர், அல்லது ஆதாரம் இல்லை என்று நம்பும் துணிச்சல்காரர், இப்படிப் பேசுவார்.

மற்றது பாசாங்கு மறுப்பு. மறுப்பது போன்ற ஒலி இருக்கும், எதையும் மறுத்திருக்காது. நம் ஊர் அறிக்கைகளில் வரும் இந்த வாக்கியங்களைப் பாருங்கள். "இது அரசியல் காழ்ப்புணர்ச்சியால் பரப்பப்படுகிறது." பரப்பியவரின் மனநிலை தெரிகிறது, பரப்பியது பொய்யா என்று தெரியவில்லை. "ஆதாரம் இருந்தால் வெளியிடட்டும்." ஆதாரம் இல்லை என்பது ஊகம், செயல் நடக்கவில்லை என்று இதில் எங்கும் இல்லை. "சட்டப்படி எதிர்கொள்வேன்." குற்றவாளியும் நிரபராதியும் சட்டப்படிதான் எதிர்கொள்ள முடியும். "என் முப்பதாண்டு பொதுவாழ்வைக் களங்கப்படுத்தும் முயற்சி." கேட்டது ஒரு ராத்திரியைப் பற்றி, பதில் முப்பது வருஷத்தைப் பற்றி.

காலம் காட்டும் விகுதியையும் கவனிக்க வேண்டும். "அவரோடு எனக்கு எந்தத் தொடர்பும் இல்லை" என்பதும் "இருந்ததில்லை" என்பதும் ஒன்றல்ல. தமிழில் 'இல்லை' இன்றைக்கு இல்லை என்றும் படிக்கும், என்றைக்கும் இல்லை என்றும் படிக்கும். அமெரிக்க அதிபராக இருந்த பில் கிளின்டன், ஓர் இளம்பெண் ஊழியரோடு உறவு என்ற பேச்சை 1998 ஜனவரியில் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் நிகழ்காலத்தில்தான் மறுத்தார். ஆகஸ்டில் சாட்சியம் அளித்தபோது, தன் வக்கீல் அதேபோல நிகழ்காலத்தில் சொன்ன மறுப்பு உண்மையா என்பது அந்த வினைச்சொல்லுக்கு என்ன பொருள் என்பதைப் பொறுத்தது என்று வாதம் செய்தார். ஊரே சிரித்தது. ஆனால் வினைச்சொல்லைக் கவனமாக எடைபோட்டுத்தான் பேசியிருந்தார் என்பது அதில் தெரிந்துபோனது.

அவர் கதையில் இன்னொரு பாதி உண்டு. 1998 டிசம்பர் 19 அன்று பிரதிநிதிகள் சபை அவர் மீது பதவிநீக்கக் குற்றச்சாட்டை நிறைவேற்றியது. அதற்கான காரணம் உறவு அல்ல, பொய்ச் சாட்சியமும் நீதிக்கு இடையூறும். அதே நாட்களில் காலப் கருத்துக்கணிப்பில் அவர் வேலையை ஏற்பவர்கள் 73 சதவீதம் வரை உயர்ந்தார்கள். 1999 பிப்ரவரியில் செனட் அவரை விடுவித்தது. ஜனங்கள் விவகாரத்தை முதல் வகைக்குள் வைத்தார்கள், எதிர்க்கட்சி இரண்டாவதுக்கு இழுத்தது. இழுபறியில் ஜனங்களின் வகைப்படுத்தல் வென்றது.

'அது நான் இல்லை, மார்பிங்' என்பதும் 'ஏஐ செய்த டீப்ஃபேக்' என்பதும் நேர் மறுப்பு வகைதான். போலிப் படமும் போலிக் குரலும் நிஜமாகவே மலிந்துவிட்ட காலத்தில் இந்தப் பதில் நிஜமானவருக்கும் பயன்படும், பொய்யருக்கும் பயன்படும். சோதித்துப் பார்க்க ஒரு எளிய வழி: போலி என்பவர் சைபர் கிரைம் பிரிவில் புகார் கொடுத்தாரா, மூலக் கோப்பைத் தடய அறிவியல் ஆய்வுக்கு அனுப்பும்படி கேட்டாரா? போலி என்று பிரஸ் மீட்டில் மட்டும் சொல்லிவிட்டு ஆய்வு கேட்காமல் இருப்பவரின் மறுப்பு பாசாங்கு மறுப்புப் பக்கம் சாய்கிறது.

இதுவரை: பதிலில் எடை உள்ளது, பொய்யென்று நிரூபிக்கக்கூடிய வாக்கியம் மட்டுமே. மற்றவை ஒலி.

வக்கீல் நோட்டீஸ் என்ன செய்யும், என்ன செய்யாது

வக்கீல் நோட்டீஸ் என்பது வக்கீலின் லெட்டர் பேடில் அடித்த கடிதம். நீதிமன்றம் அதைப் பார்த்ததில்லை. "24 மணி நேரத்தில் மன்னிப்புக் கேள், இல்லையேல் 1 கோடி நஷ்டஈடு" என்று எழுதத் தபால் செலவுதான். அந்த 1 கோடிக்கு நிஜமாக வழக்குப் போட வேண்டுமானால் தமிழ்நாட்டில் 3 சதவீதம், அதாவது 3 லட்சம் ரூபாய் நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டும். நோட்டீஸ்கள் நூறாகவும் வழக்குகள் சிலவாகவும் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

பெரிய காரணம் வேறு. அவதூறு என்பது ஒருவருடைய நற்பெயரைக் கெடுக்கும் வகையில் அவரைப் பற்றிப் பேசுவது, எழுதுவது, படம் போடுவது. வழக்குப் போட்டால் 'என் நற்பெயர் கெட்டது' என்று சொன்னவரே கூண்டில் ஏற வேண்டும். எதிர்த்தரப்பு வக்கீல் அந்த நற்பெயரைப் பற்றி எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் குறுக்கு விசாரணை செய்வார். மறைக்க நினைத்ததெல்லாம் நீதிமன்றப் பதிவாகிவிடும்.

உரிமையியல் வழக்கில் சொன்னது உண்மை என்று நிரூபித்தால் அதுவே தற்காப்பு. குற்றவியல் வழக்கில் உண்மை மட்டும் போதாது. அது பொதுநன்மைக்காகச் சொல்லப்பட்டது என்றும் காட்ட வேண்டும். இங்கேதான் நம் செக்கிங் மேஜை திரும்ப வருகிறது: விவகாரம் முழுக்கச் சொந்த வாழ்க்கை வகையாக இருந்தால், நிஜத்தைப் போட்டவரும் சிக்கலில் மாட்டலாம். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு 2 ஆண்டுவரை சிறை, அபராதம் அல்லது சமூக சேவை என்கிறது. காவல் நிலையத்தில் எஃப்ஐஆர் போட முடியாது, மாஜிஸ்திரேட்டிடம் தனிப் புகாராகத்தான் போக வேண்டும். கால வரம்பு குற்றவியலுக்கு 3 ஆண்டு, நஷ்டஈட்டு வழக்குக்கு 1 ஆண்டு.

வெளியிடுவதற்கு முன்பே தடுக்கலாமா? நம் மாநிலத்திலிருந்து போன வழக்கிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கர், சிறையில் எழுதிய சுயசரிதையில் அதிகாரிகளோடு தனக்கிருந்த நெருக்கத்தைச் சொல்லியிருந்தார். நக்கீரன் அதை வெளியிட முனைந்தபோது சிறைத்துறைத் தலைவர் தடுத்தார். 1994இல் உச்ச நீதிமன்றம், அரசோ அதிகாரியோ முன்கூட்டித் தடை போட முடியாது, வெளியான பிறகு வழக்குப் போடலாம் என்றது. பொதுப் பதிவேட்டில் உள்ளதை எழுத யார் அனுமதியும் வேண்டாம். அதற்கு அப்பால், ஒருவரின் குடும்ப வாழ்க்கையை அவர் சம்மதமில்லாமல் எழுதுவது அந்தரங்க உரிமை மீறல். அதிகாரியின் கடமை தொடர்பான நடத்தைக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. சொந்தத்தையும் பதவியையும் பிரிக்கும் கோடு அந்தத் தீர்ப்பிலேயே கிழிக்கப்பட்டிருக்கிறது. இருந்தாலும் எதிர்த்தரப்பைக் கேட்காமலே இடைக்காலத் தடை வாங்கும் பழக்கம் தொடர்ந்தது. அப்படித் தடை கொடுப்பதில் கீழமை நீதிமன்றங்கள் மிகுந்த எச்சரிக்கை காட்ட வேண்டும் என்று 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஒரு பத்திரிகை வழக்கில் சொன்னது.

வழக்கு திருப்பி அடித்ததும் உண்டு. மத்திய இணை அமைச்சராக இருந்த எம்.ஜே. அக்பர் மீது பல பெண் பத்திரிகையாளர்கள் பாலியல் அத்துமீறல் புகார் சொன்னார்கள். அவர் மறுத்தார். 2018 அக்டோபரில், முதலில் பேசியவர் மீது குற்றவியல் அவதூறு வழக்குப் போட்டு, இரண்டு நாளில் பதவி விலகினார். 2021 பிப்ரவரியில் டெல்லி நீதிமன்றம் அந்தப் பெண்ணை விடுவித்தது. பல பத்தாண்டு கழித்தும் ஒரு பெண் தன் குறையைச் சொல்லலாம் என்றது. அக்பர் மேல்முறையீடு செய்தார். வழக்கு நடந்த இரண்டு ஆண்டுக்கும் மேலான காலத்தில் ஒவ்வொரு வாய்தாவும் செய்தியானது. வரத்தை நிறுத்தப் போட்ட வழக்கே வரத்தாக மாறிவிட்டது.

"நீக்கி வைக்கப்படுகிறார்"

கட்சித் தலைமையின் அறிக்கை இரண்டு பத்திக்கு மேல் போகாது. "கட்சியின் கொள்கை குறிக்கோளுக்கு முரணாகவும், கட்சிக்குக் களங்கமும் அவப்பெயரும் உண்டாகும் வகையிலும் செயல்பட்டதால்" என்று தொடங்கி, "அடிப்படை உறுப்பினர் உள்ளிட்ட அனைத்துப் பொறுப்புகளிலிருந்தும்" என்று போய், "கட்சியினர் யாரும் இவருடன் எவ்விதத் தொடர்பும் வைத்துக்கொள்ளக் கூடாது" என்று முடியும். என்ன செய்தார் என்று ஒரு வார்த்தை இருக்காது. அது தற்செயல் அல்ல: செயலைச் சொன்னால் தலைமையே ஒரு சாட்சியாக நின்று அதை உறுதிப்படுத்தியதாகிவிடும்.

கடைசி வினைச்சொல்லில்தான் சேதி இருக்கிறது. "தற்காலிகமாக நீக்கி வைக்கப்படுகிறார்" என்றால் கதவு ஒருக்களித்துச் சாத்தியிருக்கிறது, தேர்தல் வரும்போது திறக்கலாம். "நீக்கப்படுகிறார்" என்றால் தாழ்ப்பாள். மாவட்டச் செயலாளர் பொறுப்பு மட்டும் போய் உறுப்பினர் நீடித்தால், புயல் அடங்கும்வரை ஒதுங்கி நில்லுங்கள் என்று அர்த்தம்.

இனி அந்த மூன்று கடிதங்கள். கட்சிப் பொறுப்பு ராஜினாமா தலைமைக்குப் போகும். மந்திரி பதவி ராஜினாமா முதல்வர் வழியாக ஆளுநரிடம் போகும். முதல்வர் கேட்டால் மறுக்க வழியில்லை. எம்எல்ஏ பதவி ராஜினாமா சபாநாயகருக்கு, உறுப்பினர் கைப்பட விருப்பத்தோடு கொடுத்தது என்று அவர் திருப்தியடைந்தால்தான் ஏற்பார். கட்சி நீக்கினால் எம்எல்ஏ பதவி போகாது. இன்னும் சொன்னால், நீக்கப்பட்டவரும் கட்சித்தாவல் சட்டத்தின் கணக்கில் அதே கட்சிக்காரர்தான், வேறு கட்சியில் சேர்ந்தால் பதவி போகும் என்று தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் 1996இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே நீக்கம் என்பது தலைமைக்கு மலிவான நடவடிக்கை: தலைப்புச் செய்தி கிடைக்கும், இடைத்தேர்தல் வராது.

எம்எல்ஏ இடம் தானாகப் போக வேண்டுமானால் தண்டனை வேண்டும். 2 ஆண்டோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை விதிக்கப்பட்டால் உடனே தகுதியிழப்பு, விடுதலையான பின் இன்னும் 6 ஆண்டு போட்டியிட முடியாது. 2013 வரை மேல்முறையீடு போட்டுப் பதவியைக் காப்பாற்ற முடிந்தது. அந்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அந்த விலக்கை நீக்கியது. எஃப்ஐஆர், கைது, குற்றப்பத்திரிகை, இவை எதுவும் பதவியைப் பறிக்காது.

இதுவரை: நோட்டீஸ் கடிதம் மட்டுமே. நீக்கம் கட்சிக்குள் மட்டுமே. எம்எல்ஏ பதவி போவது தானே விலகினால், கட்சி தாவினால், அல்லது தண்டனை வந்தால்.

மன்னிப்பில் எத்தனை பங்கு

முழு மன்னிப்பில் நான்கு பகுதி இருக்கும்: என்ன செய்தேன், யாருக்குச் செய்தேன், என் தவறுதான், இனி என்ன செய்யப்போகிறேன். அரசியல் மன்னிப்பில் முதல் மூன்றில் ஒன்று காணாமல் போய்விடும். "யார் மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்" என்பதில் செயலும் இல்லை, ஆளும் இல்லை. அந்த 'இருந்தால்' ஒரு நிபந்தனை. புண்பட்டேன் என்று நீங்கள் நிரூபிக்கும்வரை மன்னிப்பு கிடப்பில்.

2018 ஏப்ரலில் சென்னையில் பிரஸ் மீட் முடிந்து கிளம்பும்போது, அப்போதைய ஆளுநர் பன்வாரிலால் புரோகித் கேள்வி கேட்ட பெண் பத்திரிகையாளரின் கன்னத்தில் தட்டினார். கண்டனம் எழுந்ததும் மறுநாளே கடிதம் எழுதினார். செயலைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார், வருத்தம் தெரிவித்தார். கூடவே, நல்ல கேள்வி என்று பாராட்டும் விதமாக, பேத்தி போல நினைத்துத் தட்டியதாகக் காரணமும் சேர்த்தார். அந்தப் பத்திரிகையாளர் மன்னிப்பை ஏற்றார், காரணத்தை ஏற்கவில்லை என்று பதில் எழுதினார். ஒரே நாளில் வந்த கடிதம் செய்திச் சுழற்சியைச் சுருக்கியது. காரணம் சேர்த்த வாக்கியம் கொஞ்சம் நீட்டியது.

தாமதத்தின் விலையைப் பார்க்க, உத்தரப் பிரதேச முன்னாள் முதல்வர் என்.டி. திவாரி. அவர்தான் தன் தந்தை என்று உரிமை கோரி இளைஞர் ஒருவர் 2008இல் டெல்லி உயர் நீதிமன்றம் போனார். திவாரி மரபணுச் சோதனைக்கு மறுத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய்த் திரும்பியது. 2012 ஜூலையில் முடிவு வெளியாகி அவர்தான் தந்தை என்று தெரிந்தது. 2014இல் மகனாக ஏற்றுக்கொண்டார். ஒரு பத்தி அறிக்கையில் முடிந்திருக்கக்கூடியது ஆறு வருஷம் ஓடியது.

கொங்குப் பக்கத்தில் மன்னிப்பு ஏற்கப்பட்டதா என்பதற்கு அறிக்கையைப் பார்க்க வேண்டாம். கோயில் நோம்பி ஃபிளெக்ஸில் படம் திரும்ப வருகிறதா, கல்யாணப் பத்திரிகையில் 'முன்னிலை' என்று பெயர் அச்சாகிறதா என்று பார்த்தால் போதும். பங்காளியும் மாமன் மச்சானும் தொகுதி முழுக்க இருக்கிற இடத்தில் கட்சித் தலைமைக்கு முன்பே ஊர் தீர்ப்பு சொல்லிவிடும். சில சமயம் தப்பான தீர்ப்பும்தான்.

ஓட்டு நேரத்தில் விதி வேறு

தேர்தல் நடத்தை விதிகள், பொதுப்பணியோடு சம்பந்தமில்லாத சொந்த வாழ்க்கையை விமர்சிக்கக் கூடாது என்கின்றன. அதற்குச் சட்டப் பல் குறைவு. பல் உள்ளது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(4): வேட்பாளரின் தனிப்பட்ட நடத்தை பற்றி, பொய் என்று தெரிந்தோ உண்மை என்று நம்பாமலோ, அவர் வெற்றியைக் கெடுக்கும் நோக்கில் ஒரு தகவலை எதிர் வேட்பாளரோ அவர் சம்மதத்தோடு மற்றவரோ வெளியிட்டால் அது ஊழல் நடவடிக்கை. முடிவு வந்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போட வேண்டும்; நிரூபணமானால் வெற்றியே செல்லாது. சிக்கல் 'சம்மதத்தோடு' என்ற சொல்லில். வாக்குப்பதிவுக்கு முந்தின ராத்திரி வீட்டுக்கு வீடு விழும் மொட்டை நோட்டீஸுக்கு யார் சம்மதம் கொடுத்தார் என்று நிரூபிப்பது லேசல்ல. தேர்தல் நோட்டீஸில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர் முகவரி இருக்க வேண்டும் என்று 127ஏ பிரிவு சொல்வதும், இல்லாவிட்டால் 6 மாதம்வரை சிறை என்பதும் இதற்காகத்தான்.

வேட்பாளர் தானே வெளியில் கொண்டுவரும் சொந்த விஷயம் ஒன்றும் உண்டு: வேட்புமனுவோடு கொடுக்கும் படிவம் 26. வாழ்க்கைத் துணை, சார்ந்திருப்போர், அவர்கள் சொத்து, நிலுவை வழக்குகள் எல்லாம் அதில் வர வேண்டும். விவகாரம் வெளியான மறுநாள் எதிர்க்கட்சி வக்கீல் முதலில் எடுத்துப் புரட்டுவது இந்தப் பிரமாணப் பத்திரத்தை. விடுபட்ட ஒரு வீடு, விடுபட்ட ஒரு வழக்கு கிடைத்தால் சொந்த வாழ்க்கை வகை, பொய்ப் பிரமாணம் என்ற குற்ற வகையாக மாறிவிடும்.

வீடியோவில் இருக்கும் இன்னொருவர்

இந்தப் பேச்சில் எல்லோரும் அரசியல்வாதியையே பார்க்கிறார்கள். எதிரில் இருக்கும் பெண்ணுக்குக் கட்சியும் இல்லை, வக்கீலும் இல்லை, பிரஸ் மீட்டும் இல்லை. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் பெயரையோ அடையாளத்தையோ வெளியிட்டால் 2 ஆண்டுவரை சிறை. பொள்ளாச்சி பாலியல் வழக்கில் 2019இல் புகார் கொடுத்த பெண்ணின் பெயர் காவல் துறை, அரசு பக்கத்திலிருந்தே வெளியாகி, அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அந்த வழக்கில் 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

அப்படிப்பட்ட வீடியோவை 'பார்த்தீங்களா' என்று குரூப்பில் தள்ளிவிடுபவருக்கும் சட்டத்தில் இடம் உண்டு. பாலியல் செயலைக் காட்டும் காட்சியை மின்னணு வழியில் அனுப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67ஏ பிரிவில் முதல் முறைக்கு 5 ஆண்டுவரை சிறை, 10 லட்சம்வரை அபராதம். 'எனக்கு வந்ததை அனுப்பினேன்' என்பது அதில் விலக்கு இல்லை. எம்எல்ஏவுக்கு வக்கீல் கிடைத்து, ஜாமீன் கிடைத்து, கட்சியில் திரும்பச் சேர்ந்த பிறகும், ஃபார்வர்டு செய்தவரின் வாய்தா தனியாக ஓடிக்கொண்டிருக்கும்.